எட்டை எட்டாகவே வைத்தவன்

மாமனார் பணிமனை வாசலில் வந்து நின்றபோது மெக்கானிக்கின் வாயில் ஒரு ஸ்க்ரூவும் கையில் ஆலன் கீயும் இருந்தன. ஏழு வருஷமாக அந்த மனிதர் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ஸ்க்ரூவை விழுங்காமல் துப்பியதே பெரிய காரியம்.

"வாங்க மாமா."

"இதுதான் உங்க ஆபீஸா?" என்று கேட்டுவிட்டு மாமனார் அண்ணாந்து பார்த்தார். தகரக் கூரை. அதற்குக் கீழே சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் நாற்பத்திரண்டு துப்பாக்கிகள். மேஜையில் குடல் உருவப்பட்டுக் கிடக்கும் நாற்பத்து மூன்றாவது. ஜன்னலுக்கு வெளியே மைதானம். டயர் அடுக்குகளுக்கும் தகர டிரம்களுக்கும் பின்னால் ஒளிந்துகொண்டு, முகமூடி மாட்டிய மனிதர்கள் ஒருவரையொருவர் சாய உருண்டைகளால் சுட்டுக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்து அடிவாங்கிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிற இடம் அது. உருண்டை கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். காற்றழுத்தத்தில் பறந்து வரும், பட்டால் உடையும், மறுநாள் வரை வலிக்கும்.

அவற்றைத் துப்பாக்கி என்று மெக்கானிக் சொல்லமாட்டான். மார்க்கர் என்பான். அடையாளம் இடுகிற கருவி, அவ்வளவுதான், உயிரை எடுக்கிற கருவி இல்லை என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் விளக்குவான். மாமனாருக்கும் கல்யாணமான புதிதில் விளக்கியிருக்கிறான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது பொம்மைத் துப்பாக்கி" என்றார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முப்பத்து நான்கு வருஷம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். அவர் ஜீப் தெருமுனையில் திரும்பினாலே கடைத்தெருவில் குறைந்த எடைக் கற்கள் எல்லாம் கல்லாவுக்கு அடியில் பதுங்கிவிடுமாம். தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகு, தூக்கிப் பிடிக்கிற கையில் மறைந்திருக்கும் காந்தம், குடைந்து எடுத்து மேலே ஈயம் பூசிய கல் என்று ஊரில் உள்ள திருட்டுத்தனம் அத்தனையையும் கரைத்துக் குடித்தவர். ஒரு பைசா வாங்கியதில்லை. அப்படிப்பட்டவருக்கு மூத்த மாப்பிள்ளை பல் டாக்டர். இளைய மாப்பிள்ளை இவன்.

விருந்தாளிகள் வந்தால் மாமனார் சகலையின் தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்துவார். படித்த கல்லூரி, க்ளினிக் இருக்கும் தெரு, பிரமுகர்களிடம் பிடுங்கிய பற்கள் என்று விவரம் நீளும். அப்புறம் இவன் பக்கம் திரும்பி, "இவர் சின்னவர், எலெக்ட்ரானிக்ஸ் லைன்" என்று சொல்லி ஒரு இருமல் இருமுவார். வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள பிரம்பு நாற்காலி சகலைக்கு. இவனுக்குக் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். மெக்கானிக்குக்கு நாற்காலிமேல் ஆசை இல்லை. நாலு பேர் முன்னால் "என் மாப்பிள்ளை, பெயின்ட்பால் மைதானத்தில் மெக்கானிக்" என்று அவர் வாய் நிறைய ஒரு தடவை சொல்லவேண்டும், அவ்வளவுதான். வேறு எதைக் கேட்டிருந்தாலும் சுலபமாகக் கிடைத்திருக்கும்.

"நாளைக்கு எங்க அபார்ட்மென்ட் சங்கம் இங்க வருது, தெரியுமில்ல?" மாமனார் ஒரு மார்க்கரைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார். பழக்கதோஷம்.

"தெரியும் மாமா. புக்கிங் பாத்தேன். ஏ பிளாக்கும் பி பிளாக்கும்."

"ஏ பிளாக்குக்கு நான் கேப்டன். பி பிளாக்குக்கு அந்தக் கேஷியர்."

கேஷியர் என்பவர் வங்கியில் முப்பது வருஷம் நோட்டு எண்ணி ஓய்வுபெற்றவர். சங்கத் தேர்தலில் மூன்று ஓட்டில் மாமனாரைத் தோற்கடித்துத் தலைவரானவர். அன்றிலிருந்து லிப்டில் இருவரும் ஒன்றாக ஏறுவதில்லை. கேஷியர் ஏறினால் மாமனார் மூட்டுவலியோடு நாலு மாடி நடப்பார்.

"ஜாலியா விளையாடுங்க மாமா. வயசானவங்க வராங்கன்னு எல்லாத்துலயும் வேகத்தக் குறைச்சு வச்சிருக்கேன்."

"அதான் கேக்க வந்தேன்." மாமனார் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மேஜைக்கு அடியில்கூடப் பார்த்தார். "இதுக்குள்ள ஏதோ எலெக்ட்ரானிக் போர்டு இருக்காமே. அதுல ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் பண்ணினா, ஒரு தடவை அமுக்கினா நாலஞ்சு போகுமாமே. போன்ல ஒரு வீடியோ பாத்தேன்."

மெக்கானிக்குக்குக் காது அடைத்துவிட்டது. வேலியே பயிரை மேய வந்து, கத்திரிக்கோலும் கேட்கிறது.

போர்டு இருப்பது உண்மை. விசையை அமுக்கினால் அது நேராக எதையும் தள்ளுவதில்லை. போர்டுக்குத் தகவல் போகும், போர்டுதான் காற்று வால்வைத் திறக்கும். வால்வு எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்கவேண்டும், விரல் நடுங்கி ஒரு அமுக்கல் இரண்டாக எண்ணப்படாமல் இருக்க எவ்வளவு நேரம் போர்டு காதைப் பொத்திக்கொள்ளவேண்டும், விநாடிக்கு அதிகபட்சம் எத்தனை உருண்டை, எல்லாம் அதற்குள் எண்களாக இருக்கும். மைதானத்து மார்க்கர் எல்லாவற்றிலும் ஒரு அமுக்கலுக்கு ஒரு உருண்டை, விநாடிக்கு எட்டுக்குமேல் கிடையாது. இதை மாற்றி மூன்றாவது அமுக்கலிலிருந்து மழையாகப் பொழிய வைக்க அரை நிமிஷம் போதும்.

மூன்று வருஷத்துக்குமுன் ஒரு கம்பெனி ஆட்கள் வந்தபோது யாரோ அப்படி மாற்றிவிட்டார்கள். பத்தடி தூரத்தில் ஒரு பெண்ணின் முதுகில் பதினொரு உருண்டை. மெக்கானிக்தான் ஐஸ் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து அனுப்பினான். அந்த முதுகு இரண்டு வாரம் அவன் தூக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு எல்லா மார்க்கரிலும் மாற்றுகிற பட்டனை ஒரு குட்டி ஸ்க்ரூவுக்குப் பின்னால் பூட்டினான். அதன் ஆலன் கீ அவன் சாவிக்கொத்தில் மட்டும்தான் உண்டு. எவனாவது அதைத் தொட்டால் அன்றைக்கே வேலை காலி என்று முதலாளியிடம் சொல்லிச் சுவரில் அறிவிப்பு ஒட்டவைத்ததும் அவனேதான்.

ஆகவே செய்யமாட்டான். செய்யமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. அதற்கான தைரியத்தை ஏழு வருஷமாகச் சேர்த்தும் இன்னும் முழுசாகச் சேரவில்லை.

"உங்களால முடியலன்னா விடுங்க," என்றார் மாமனார். "பல் டாக்டர்கிட்ட கேட்டா அவருக்குத் தெரிஞ்ச யாராவது..."

"உக்காருங்க மாமா."

பதினேழாம் நம்பர் மார்க்கரை இறக்கினான். ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே இருந்த பட்டனை ஆலன் கீயின் நுனியால் அமுக்கினான். பின்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. மாமனார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். விசையை இழுத்துப் பிடித்ததும் விளக்கு பச்சையானது, அப்புறம் நீலமானது. நீலம் என்றால் விநாடிக்கு எத்தனை என்ற இடம். எந்த எண் வேண்டுமோ அத்தனை தடவை விசையை இழுக்கவேண்டும். மெக்கானிக் இழுத்தான். மாமனார் உதட்டுக்குள் எண்ணினார். ஆறு, ஏழு, எட்டு. நின்றான். விளக்கு எட்டு தடவை கண் சிமிட்டி அணைந்தது.

எட்டு இருந்த இடத்தில் எட்டு.

"எட்டா? முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?" ஆய்வாளர் ஆயிற்றே, கேட்காமல் இருப்பாரா?

"அத நீங்க தெரிஞ்சிக்காம இருக்கறது நல்லது மாமா."

இந்த வசனத்தை முப்பத்து நான்கு வருஷம் கடைக்காரர்கள் வாயால் கேட்டவர் அவர். உடனே முகம் மலர்ந்துவிட்டது. இது நிஜமான திருட்டுதான் என்று உறுதியாகிவிட்டது.

பூட்டும்போது மெக்கானிக் அவருடைய வலது கை ஆள்காட்டி விரலைக் கவனித்தான். நடுக்கணு வீங்கிச் சிவந்திருந்தது. விசையின் முன்பக்கத் திருகை அரைச் சுற்றுத் திருகி, கொஞ்ச தூரம் இழுத்தாலே போதும் என்று வைத்தான். விரல் வலிக்கிற எவருக்கும் அவன் செய்துகொடுப்பது அது. அதற்கு எந்தத் தடையும் இல்லை.

மாமனார் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "அடேயப்பா," என்றார் மெதுவாக. "வெண்ணெய் மாதிரி இருக்கே."

மறுநாள் காலை ஏ பிளாக்கும் பி பிளாக்கும் வேனில் வந்து இறங்கின. மொத்தம் இருபது பேர், அதில் பதினான்கு பேருக்கு மூக்குக்கண்ணாடி. முதலாளி வழக்கம்போல ஒவ்வொரு மார்க்கரையும் வேகமானிக்கு முன்னால் வைத்துச் சுடச்சொல்லி விநாடிக்கு இருநூற்றைம்பது அடியைத் தாண்டவில்லை என்று சரிபார்த்தார். மாமனார் முறை வந்தபோது அவர் கழுத்தில் வியர்வை ஓடியது. எத்தனை பேரை இப்படி வரிசையில் நிறுத்தியிருப்பார்! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதை இவ்வளவு நாள் மற்றவர்கள் முகத்தில்தான் பார்த்திருக்கிறார். இருநூற்று நாற்பத்தாறு என்று வந்தது. பெருமூச்சு விட்டார்.

ஆட்டம் ஆரம்பமானதும் எல்லாரும் செய்வதைத்தான் எல்லாரும் செய்தார்கள். டிரம்முக்குப் பின்னால் குந்தினார்கள், மூட்டுவலியில் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே அவுட் ஆனார்கள். மாமனார் மட்டும் குந்தவில்லை. கையில் இருப்பது சாதாரண ஆயுதம் இல்லை என்று நம்புகிறவருக்கு ஒளிந்துகொள்ள என்ன அவசியம்? கடைத்தெருவில் ரெய்டு போகிற நடையில் மைதானத்தின் நடுவே நேராக நடந்தார். அந்த நடையைப் பார்த்தே பி பிளாக் ஆட்கள் இரண்டு பேர் குறி தவறினார்கள். ஒருவர் தானாகவே கையைத் தூக்கிவிட்டார்.

கடைசியில் டயர் அடுக்குக்குப் பின்னால் கேஷியர் மட்டும் மிச்சம். மாமனார் முதல் உருண்டையை டயரில் அடித்தார், இரண்டாவதைக் காற்றில் விட்டார். கேஷியர் தலையைத் தூக்கியபோது மூன்றாவது நெஞ்சின் நட்டநடுவில் மஞ்சளாக உடைந்தது. மூன்று இழுப்பு, மூன்று உருண்டை. வேலிக்கு வெளியே நின்ற மெக்கானிக் எண்ணிக்கொண்டுதான் இருந்தான். அவனையறியாமல் கைதட்டினான். அறுபத்தாறு வயதில், வீங்கிய விரலோடு, மனிதர் சுத்தமாக ஜெயித்திருந்தார்.

"ஒத்துக்க முடியாது!" கேஷியர் முகமூடியைக் கழற்றி எறிந்தார். "ஒரு அமுக்குக்கு மூணு வந்துச்சு. நான் பாத்தேன். அந்தத் துப்பாக்கில ஏதோ கோளாறு பண்ணியிருக்காங்க. இங்க மெக்கானிக் யாரு தெரியுமா? விசாரிச்சுட்டேன். இவரோட மாப்பிள்ளை!"

கூட்டம் சலசலத்தது. முதலாளி வந்தார். பதினேழாம் நம்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத யாரு கைவச்சது?" என்றார்.

"எல்லாத்தையும் நான்தான் சார் கைவைக்கிறேன்," என்றான் மெக்கானிக்.

"மாத்தியிருந்தா ரூல் என்னன்னு உனக்கே தெரியும். நீ ஒட்டச்சொன்ன நோட்டீஸ்."

மெக்கானிக் பயப்படவில்லை. மடியில் கனமில்லை. பக்கத்தில் நின்ற மாமனாரைத்தான் பார்த்தான். அவருக்குப் பேயறைந்த முகம். பாவம், மனிதர் நிஜமாகவே மாட்டிக்கொண்டோம் என்று நினைக்கிறாரே, 'நான்தான் செய்யச் சொன்னேன், அவர்மேல் தப்பில்லை' என்று உளறிவிடுவாரோ என்று கவலைப்பட்டான். சொல்லாதீங்க மாமா என்று கண்ணால் ஜாடைகூடக் காட்டினான்.

தேவையில்லாத கவலை. மாமனார் தொண்டையைச் செருமினார். மெக்கானிக்கை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றார். ஜீப்பிலிருந்து இறங்குகிற பழைய அதிகாரியின் குரல் வந்தது.

"ஆமா, இவர் என் மாப்பிள்ளைதான். இந்த பெயின்ட்பால் மைதானத்துல மெக்கானிக்கா இருக்கார். அதுக்காக யாரும் தயவுதாட்சண்யம் பாக்கவேண்டாம். தப்பு பண்ணியிருந்தா தாராளமா நடவடிக்கை எடுங்க. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"நேர்மைன்னா இதுதான்!" என்று ஏ பிளாக்கில் யாரோ சொன்னார்கள். நாலு பேர் கைதட்டினார்கள்.

ஏழு வருஷமாக அவன் காத்திருந்த வாக்கியம் அது. ஒரு வார்த்தை குறையாமல், இருபது பேர் முன்னால், இருமல் இல்லாமல் வந்துவிட்டது. மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. மாப்பிள்ளை உணர்ச்சிவசப்படுகிறார் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. அப்படியும் வைத்துக்கொள்ளலாம்.

சோதனையைக் கேஷியரே செய்தார். வேறு யாரையும் நம்பமாட்டேன் என்றார். நோட்டு எண்ணிய விரல்கள் அல்லவா, பதினேழாம் நம்பரின் விசையைத் தந்தி அடிப்பதுபோல் அடித்துத் தள்ளினார். இருபது இழுப்பு, இருபது உருண்டை. ஒன்றுகூட அதிகம் இல்லை. முதலாளி ஸ்க்ரூவைக் கழற்றச்சொல்லிப் பட்டனை அமுக்கினார். நீல விளக்கு எட்டு தடவை சிமிட்டியது. கேஷியரின் மார்க்கரையும் திறந்தார்கள். அதுவும் எட்டு.

"சுத்தமா இருக்கு," என்றார் முதலாளி. கேஷியர் முணுமுணுத்துக்கொண்டே வேனில் போய் உட்கார்ந்தார்.

மாமனார் மட்டும் நகரவில்லை. பதினேழாம் நம்பரைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், மறுபடி பதினேழாம் நம்பரைப் பார்த்தார். அவர் கண்ணில் வந்தது மெக்கானிக் அதுவரை பார்த்திராத ஒன்று. பயபக்தி என்றுதான் சொல்லவேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைப்பு. மெக்கானிக் வழக்கம்போலக் கதவோர ஸ்டூலில் உட்காரப் போனான். மாமனார் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்தார். சகலை ஏற்கெனவே அதில் பாதி உட்கார்ந்திருந்தார், எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று. வந்திருந்த விருந்தாளிகளிடம், "என் சின்ன மாப்பிள்ளை. மார்க்கர் மெக்கானிக். பொம்மைத் துப்பாக்கின்னு நினைச்சுடாதீங்க, உள்ள கம்ப்யூட்டர் இருக்கு," என்றார். மார்க்கர் என்ற சொல் அவர் வாயில் அன்றைக்குத்தான் நுழைந்தது. மெக்கானிக்குக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம், ஆனாலும் சந்தோஷம்.

மனைவி தண்ணீர் வைக்கிற சாக்கில் குனிந்து, "என்னங்க பண்ணீங்க எங்க அப்பாவை? ஒரு வாரமா உங்க புராணம்தான்," என்று கிசுகிசுத்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணல."

"இப்படித்தான் சொல்லுவார்னு அப்பா முன்னாடியே சொல்லிட்டார்," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

சாப்பிட்டு முடித்துச் சகலையும் விருந்தாளிகளும் உள்ளே கிரிக்கெட் பார்க்கப் போனதும் மெக்கானிக் மாமனார் பக்கம் திரும்பினான். ஒரு வாரமாகத் தொண்டையில் இருந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். தன் பெயருக்காக இல்லை. அவர் ஜெயித்தது அவருக்குத் தெரியவேண்டாமா?

"மாமா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் எதையும் மாத்தல. முன்னாடியும் எட்டு, அப்புறமும் எட்டு. விரல் வலிக்குமேன்னு விசைய மட்டும் லேசாக்கினேன். நீங்க நெஜமாவே ஜெயிச்சீங்க மாமா. உங்க கையால ஜெயிச்சீங்க."

மாமனார் முகம் ஒரு கணம் அசையாமல் நின்றது. தராசு முள் நடுவில் வந்து நிற்குமே, அப்படி. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பிரமாதம் மாப்பிள்ளை! என்ன முகம், என்ன குரல்! முள்ளு நேரா நிக்கும், பாத்தா ஒண்ணும் தெரியாது, கல்லுக்குள்ளதான் குடைஞ்சிருக்கும். எட்டுன்னு காட்டும், உள்ள பதினஞ்சு ஓடும். அதுவும் என் விரலுக்கு மட்டும்! அந்தக் கேஷியர் விரலுக்கு ஓடல பாத்தீங்களா? முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கைய நான் பாத்ததில்ல. பாத்திருந்தா அன்னிக்கே அரெஸ்ட் பண்ணியிருப்பேன்."

"இல்ல மாமா, சத்தியமா..."

"அதேதான். யாரு கேட்டாலும் இதையே சொல்லுங்க. என்கிட்டகூட மாத்திச் சொல்லாதீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் நாற்காலியை மருமகனுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் சங்கத் தேர்தல் வருது. இந்தத் தடவை சீட்டு இல்லையாம், ஏதோ பட்டன் மெஷின் வாங்கறாங்களாம். அதுக்குள்ளயும் ஒரு போர்டு இருக்குமில்ல?"

மெக்கானிக் எழுந்து பிரம்பு நாற்காலியைத் தூக்கினான். மாமனாரை விட்டு இரண்டு அடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏன் மாப்பிள்ளை, அங்க ஃபேன் காத்து வராதே?"

"வராது மாமா," என்றான் மெக்கானிக்.